டிஸ்கோவும் ஏலமலைச் சரிவும்: ‘இளமை இதோ இதோ’ பாடலின் நிலைபேறு

‘சகலகலா வல்லவன்’ (1982) படத்தின் ‘இளமை இதோ இதோ’ பாடல், நாற்பது ஆண்டுகள் கடந்தும் தமிழகத்தின் புத்தாண்டு நள்ளிரவுகளில் ஒலிக்கிறது. வாலி இயற்றி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடியது. புத்தாண்டு வாழ்த்தோடு தொடங்குவதால் நிலைத்தது என்பர். வாழ்த்துப் பாடல்கள் பல மறக்கப்பட்டிருக்க, இவ்விளக்கம் போதுமானதன்று.

1979 ஜூலையில் சிகாகோ விளையாட்டரங்கொன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கே தேய்ந்த இசை, இங்கே அதன் பின்னரே செழித்தது. ஆகவே இதனை மேலைநாட்டு நகல் என ஒதுக்குவது எளிது. ‘அன்னக்கிளி’ (1976) தொட்டு இளையராஜாவை மண்ணின் இசைஞராகப் போற்றுவோரும் இப்பாடலைச் சந்தைக்கான சமரசமாகவே கடந்துவிடுகின்றனர். இரு தரப்பாரும் பண்ணைப்புரத்தை வெளியுலகம் தீண்டாத சிற்றூராகக் கற்பித்துக்கொள்கின்றனர்.

அம்மலையடிவாரம் அத்தகையதன்று. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடிநாயக்கனூர் வழியே கடல்கடந்து சென்றது. ஏலமும் தேயிலையும் அச்சரிவுகளை உலக வணிகத்தோடு முன்பே பிணைத்திருந்தன. 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகத் தோட்டத் தொழிலாளரிடையே பாடியவர் இளையராஜாவின் தமையனார் பாவலர் வரதராசன். தெரிந்த திரைமெட்டில் புதிய சொற்களை ஏற்றிப் பாடுவது அவர் கையாண்ட முறை. பணி முடிந்து களைத்து நிற்கும் கூட்டத்தை முதல் அடியிலேயே பிடித்தாக வேண்டும். பிடிபடாத மெட்டுக்கு அங்கே இடமில்லை. இளையராஜா பயின்றது அக்குழுவில்தான்.

‘இளமை இதோ இதோ’வின் அமைப்பை இப்பின்னணியில் கேட்பது பயன் தரும். பாடகர் முதலில் கூட்டத்தை விளித்து வாழ்த்துகிறார். பாட்டு அதன் பின்னரே புறப்படுகிறது. பித்தளைக் குழல்களும் மின்கிதாரும் டிஸ்கோவுக்குரியவை, விளிப்போ மேடைப்பாட்டுக்குரியது. பல்லவி, இசை அறியாதவரும் உடன்பாடக்கூடிய சிறு சொற்றொடர்களால் ஆனது. மேடைப் பயிற்சியின் நேரடித் தாக்கம் என இதனை நிறுவ இயலாது. எனினும் ‘நகல்’ என்னும் முடிவைவிட இது பாடலுக்கு நெருக்கமானது.

படமோ அவ்வாறு நிலைக்கவில்லை. தங்கையைக் கெடுத்தவனுக்கே அவளை மணமுடிக்கும் அதன் நீதி இன்று கூசவைக்கிறது. கிராமத்து வேலு நாகரிக வேடம் பூணும் கதைப்போக்கில்தான் இப்பாடல் அமைந்தது. டிசம்பர் 31 இரவில் ஆடுவோருக்கு அந்த வேலுவும் தேவைப்படுவதில்லை, வேடமும் தேவைப்படுவதில்லை.