நிற்கும் கட்டடத்திலிருந்து தொடங்கும் படிப்பு

கட்டடக்கலையின் ஐந்தாண்டு இளநிலைப் படிப்பு பெரும்பாலும் வெற்று மனையிலிருந்து தொடங்குகிறது. மனையின் அளவு, கட்டுவோரின் தேவை, செலவு ஆகியவற்றைக் கொண்டு புதிய கட்டடத்தை வரைய மாணவர் பழகுகிறார். ஏற்கெனவே நிற்கும் கட்டடம், அது நிற்கும் தெரு, அங்கே தலைமுறைகளாகக் குடியிருப்போர் என்று எதிர்த்திசையில் தொடங்கும் படிப்பு முதுநிலையில்தான் வருகிறது. தில்லி திட்டமிடல்–கட்டடக்கலைப் பள்ளியில் அது கட்டடப் பாதுகாப்பு எனப்படுகிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் அத்துடன் புத்துயிர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. மெல்பர்ன் பல்கலைக்கழகம் நகர, பண்பாட்டு மரபு என்றே பெயர் வைத்திருக்கிறது. பெயரில் நகரமும் பண்பாடும் ஏறிய கதைதான் இத்துறையின் வரலாறு.

தொடக்கத்தில் இது நினைவுச் சின்னங்களைப் பழுதுபார்க்கும் கல்வியாக மட்டுமே இருந்தது. பாரிசில் 1887-இல் அனத்தோல் தெ போதோ தொடங்கிய வகுப்புகளே இன்றைய ஷையோ பள்ளியின் வேர். தேவாலயம், கோட்டை போன்றவற்றைப் பேணும் கட்டடக் கலைஞர்களை உருவாக்குவது அவற்றின் நோக்கம். 1956-இல் புது தில்லியில் கூடிய யுனெஸ்கோ பொது மாநாட்டின் முடிவுப்படி 1959-இல் ரோமில் பண்பாட்டு மரபைப் பேணுவதற்கான பன்னாட்டு மையமான இக்ரோம் நிறுவப்பட்டபின், பல நாட்டு வல்லுநர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில வழி பிறந்தது. நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியது 1963-இல். மறு ஆண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மார்ஸ்டன் ஃபிட்ச் இத்துறைக்கான படிப்பைத் தொடங்கினார். அதே 1964-இல் வெளியான, பாதுகாப்பு நெறிகளை வகுத்த பன்னாட்டு ஆவணமான வெனிஸ் சாசனம், சின்னத்தை அதன் சுற்றுப்புறத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்றது.

ஆயினும் வெனிஸ் சாசனத்தின் மனத்தில் இருந்தது கல். மூலக் கல் எது, பின்னாளில் சேர்ந்தது எது என்று பிரித்தறிவதே அதன் பெருங்கவலை. ஆஸ்திரேலியாவின் பழைய செப்புச் சுரங்க ஊரான பர்ராவில் 1979-இல் ஏற்கப்பட்ட சாசனம் வேறொரு கேள்வியை முன்வைத்தது: ஓர் இடம் யாருக்கு, எதனால் முக்கியம்? அழகு, வரலாறு, அறிவியல் ஆகியவற்றோடு சமூக மதிப்பையும் அது கணக்கில் எடுத்தது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் இசே கோயிலைக் கொண்ட ஜப்பானில், 1994-இல் நாரா ஆவணம் உருவானது. மெய்ம்மை என்பதை அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்தே அளக்க வேண்டும் என்று அது சொன்னது. நகரம் முழுவதையும் அடுக்கடுக்கான மரபாகக் காணும் யுனெஸ்கோ பரிந்துரை 2011-இல் வந்தது. இந்த நகர்வு நிகழாமல் இருந்திருந்தால், மக்கள் புழங்கும் ஆசிய நகரங்களுக்கு இப்படிப்பால் பெரிய பயன் இருந்திராது.

முதல் பருவத்தின் உழைப்பெல்லாம் அளந்து வரைவதில் போகிறது. லேசர் ஸ்கேனர் வந்தபிறகும் நாடாவும் தூக்குக்குண்டும் கைவிடப்படவில்லை, கைவிடவும் கூடாது. ஒரு சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்த வாசல் பின்னாளில் அடைக்கப்பட்டது, எந்த உத்தரம் வேறு வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பதெல்லாம் கையால் அளக்கும்போதுதான் கண்ணில் படுகின்றன. கருவியின் பயன் வேறு வகையானது. பாரிசின் நோத்ர்தாம் தேவாலயத்தைக் கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் லேசரால் அளந்து வைத்திருந்த பதிவு, 2019 தீக்குப்பின் மறுகட்டுமானத்துக்குக் கைகொடுத்தது.

அடுத்தது பொருளறிவு. சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கே அடிப்படைப் பாடம். பழைய செங்கல் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு இடம் கொடுக்கும். அதன்மேல் சிமென்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். ஈரத்தில் கரைந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிப் பரப்பைப் பொடியாக உதிர்க்கும். பூச்சு உறுதியாக நிற்க, சுவர் அழிகிறது. ஏதென்சின் பார்த்தினான் கோயிலைப் பழுதுபார்த்த பொறியாளர் நிக்கோலாவோஸ் பலானோஸ் நல்லெண்ணத்துடன் செருகிய இரும்புப் பிணைப்புகள் துருவேறிப் பருத்துப் பளிங்கையே பிளந்ததும் இதே பாடத்தைச் சேர்ந்தது.

நகரம் என்னும் பகுதிக்கு அகமதாபாத்தைவிடச் சிறந்த பாடப்புத்தகம் இந்தியாவில் இல்லை எனலாம். 1411-இல் தோன்றிய அந்நகரின் மதிலுக்குள் ‘போள்’ எனப்படும் குடியிருப்புத் தொகுதிகள் உள்ளன. ஒரே வாயிலுக்குள் நெளியும் சந்துகள், பொதுச் சுவரைப் பகிரும் மர வீடுகள், ‘ஓட்லோ’ எனப்படும் திண்ணைகள், மழைநீரைச் சேர்க்கும் நிலத்தடித் தொட்டிகள், பறவைகளுக்குத் தீனியிடும் தூண்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு போள். எந்த வீட்டையும் தனியே பிரித்துப் பாதுகாத்துவிட முடியாது. பக்கத்து வீடு சரிந்தால் இதுவும் ஆடும். 1996-இல் மாநகராட்சி மரபுப் பிரிவைத் தொடங்கியது, மறு ஆண்டில் பழைய நகரைச் சுற்றிக்காட்டும் மரபு நடை தொடங்கியது. 2017-இல் இந்தியாவின் முதல் உலக மரபு நகரம் என்ற தகுதி வந்தது. இவற்றுக்கு அடியில் போள்களை வீடுவீடாகப் பதிவுசெய்த நீண்ட உழைப்பு கிடக்கிறது.

அங்கே களப்பணிக்குப் போகும் மாணவர் செதுக்குத் தூண்களை வரைந்துவிட்டுத் திரும்ப முடியாது. வீடு பல பங்காளிகளின் பெயரில் இருக்கும்; வாடகைச் சட்டத்தால் பழைய வாடகை ஏறாமல் நிற்க, உரிமையாளருக்குப் பழுதுபார்க்க மனம் வராது; செதுக்கு மரத்தைக் கழற்றிப் பழம்பொருள் வணிகரிடம் விற்பது எளிதாக இருக்கும். மேலே கட்டாமல் விட்ட பரப்பின் உரிமையை வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்க அனுமதிக்கும் ஏற்பாடு, இச்சிக்கலுக்கு வந்த விடைகளில் ஒன்று. பத்திரமும் வரியும் தெரியாத பாதுகாப்புத் திட்டம் வரைதாளிலேயே நின்றுவிடும்.

சட்டமும் பாடத்தில் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 3,600-க்கு மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன. 2010 திருத்தத்தின்படி அவற்றின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. பட்டியலில் இடம்பெறாத வீடுகளுக்கும் தெருக்களுக்கும் இந்தக் காவல் கிடையாது. கலை, பண்பாட்டு மரபைப் பேணுவதற்காக 1984-இல் தோன்றிய இன்டாக் அமைப்பு 2004-இல் வெளியிட்ட சாசனம் அவற்றைக் குறித்தே பேசுகிறது. மரபுக் கைவினைஞரின் அறிவையும் ஏற்கிறது.

படிப்பின் பெரிய குறை அந்த இடத்தில்தான் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுப் பூச்சிலிருந்து எடுத்த துணுக்கை ஆய்வகத்தில் சோதித்துச் சுண்ணாம்பும் மணலும் எந்த விகிதம் என்று மாணவர் சொல்லிவிடுவார். கலவையை எத்தனை நாள் ஊறவைப்பது, எந்தப் பதத்தில் அரைப்பதை நிறுத்துவது, ஈரம் எவ்வளவு இருக்கும்போது தேய்த்து மெருகேற்றுவது என்பதெல்லாம் கொத்தனாரின் கையில் இருக்கிறது. அவருக்கு வகுப்பறையில் ஆசிரியர் நாற்காலி இல்லை. பயிலரங்கு நடக்கும் ஓரிரு நாள் வந்து செய்து காட்டிவிட்டுப் போகிறார். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கல்லூரி, ஸ்தபதிகளின் சிற்பத்தையும் மரபுக் கட்டடக்கலையையும் பட்டப் படிப்பாக்கியது. கைவினைஞரின் அறிவு பட்டத்துக்குள் வர முடியும் என்பதற்கு அது கண்முன் நிற்கும் சான்று. பாதுகாப்புக்கான முதுநிலைப் படிப்புகளில் அந்த இணைப்பு இன்னும் பயிலரங்கு அளவிலேயே இருக்கிறது.