ஸ்டீயரிங்குக்குக் காதுகுத்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் போன் செய்தார். “டார்ச் லைட் இருக்கா சார்? எடுத்துக்கிட்டு கொஞ்சம் கார் பார்க்கிங் வரைக்கும் வாங்க.”

போனேன். அவருடைய ஆட்டோமேட்டிக் காரின் ஸ்டீயரிங் தனியாகக் கழன்று பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது. நண்பர் கையில் சின்ன பாக்கெட். உள்ளே சிவப்புப் பெயின்ட் அடித்த இரண்டு அலுமினியக் காதுகள். பேடில் ஷிஃப்டராம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரல் எட்டும் இடத்தில் மாட்ட வேண்டும். வலது காதை இழுத்தால் கியர் ஏறும், இடது காதை இழுத்தால் இறங்கும்.

டிபனுக்குக் கூப்பிட வந்த அவர் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஏங்க, கியர் போடற தொல்லையே வேணாம்னுதானே கூடப் பணம் கட்டி ஆட்டோமேட்டிக் வாங்கினீங்க?”

நண்பர் ஸ்குரூ டிரைவரைத் தேட ஆரம்பித்துவிட்டார். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

காதுகளின் பூர்வீகம் கார் ரேஸ். 1989 மார்ச் மாதம், பிரேசிலின் ரியோ நகரத்தில் ஃபார்முலா ஒன் பந்தயம். ஃபெராரி அணிக்காக ஜான் பர்னார்டு என்ற இன்ஜினீயர் கியர் கம்பியையே எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு காதுகளை வைத்த காரைக் கொண்டுவந்தார். அது ரேஸ் முடிவுவரை ஓடும் என்று பலருக்கும் நம்பிக்கை இல்லை. ஓடியது மட்டுமில்லை, நைஜல் மான்செல் அதில் ஜெயித்தே விட்டார். அவர் ஃபெராரிக்கு ஓட்டிய முதல் ரேஸ் அது. சில வருடங்களில் எல்லா அணிகளும் காது வைத்துக்கொண்டன. 1997-ல் ஃபெராரி எஃப்355 வழியாகக் காதுகள் ரோட்டுக்கும் வந்தன.

பர்னார்டு செய்ததில் நியாயம் இருந்தது. அந்த வேகத்தில் வளைவில் திரும்பும்போது ஒரு கையை எடுத்துக் கியர் கம்பியைப் பிடிப்பது ஆபத்து. கம்பி போனால் டிரைவர் உட்காரும் இடத்தையும் குறுக்கலாம், கார் ஒல்லியாகும். ஒரு கஷ்டம் இருந்தது, அதற்கு ஒரு விடை வந்தது.

ஸ்டீயரிங் பக்கத்தில் கியர் என்பது நமக்குப் புதுசும் இல்லை. பழைய அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் ஸ்டீயரிங் தண்டிலேயேதான் கியர் கம்பி இருந்தது. பழைய ஸ்கூட்டர்களில் இடது கைப்பிடியைத் திருகினால் கியர். அதில் ஏதோ வீரம் இருப்பதாக அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. கை வலிக்கிறது என்றுதான் சொன்னோம்.

சரி, நம் வீட்டுக் காரில் காது மாட்டினால் என்ன நடக்கும்? கியர் கம்பிக்குப் பக்கத்தில் பிளஸ், மைனஸ் என்று போட்டிருக்கிறதா? அங்கே உள்ளே இரண்டு ஸ்விட்ச் இருக்கும். காது அந்த ஸ்விட்சுகளின் டூப்ளிகேட். அவ்வளவுதான். பிளஸ், மைனஸே இல்லாத வண்டியில் ஸ்விட்ச் மாட்டிப் பிரயோஜனம் இல்லை, மறுமுனையில் போனை எடுக்க ஆள் கிடையாது.

இருக்கிற வண்டியிலும் நீங்கள் கியரை மாற்றுவதில்லை. மாற்றச் சொல்லி மனு கொடுக்கிறீர்கள். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் என்ற அதிகாரி வேகத்தையும் இன்ஜின் சுற்றையும் பார்த்து, சரிப்பட்டால் கையெழுத்துப் போடுவார். நூறு கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியர் கேட்டால் மனு தள்ளுபடி.

சிவிடி வண்டியென்றால் இன்னும் வேடிக்கை. அதற்குள் படிப்படியான கியர்களே கிடையாது. இரண்டு புல்லி, நடுவில் ஒரு பெல்ட். கம்பெனிக்காரர்களே அதில் காது வைத்து, ஆறு கியர், ஏழு கியர் என்று சாஃப்ட்வேரில் கோடு போட்டு விற்கிறார்கள். இல்லாத கியரை மாற்றிக்கொண்டு போகிறோம். மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங் திருப்பும் குழந்தைக்கும் நமக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான்.

காதுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடாகிப் பிடிப்பு குறையும். குறைந்த கியரில் போட்டு இன்ஜினாலேயே வண்டியை அடக்குவதுதான் முறை. காது இருந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து கை எடுக்காமல் இதைச் செய்யலாம். ஆனால் கம்பியை மேனுவலுக்குத் தள்ளி மைனஸைத் தட்டினாலும் அதே கியர்தான் விழும். அதற்குத் தனியாகக் காசு கிடையாது.

ஆக, லாபப் பக்கம் எழுத வேண்டியது: அரை விநாடி சௌகரியம், கொஞ்சம் ஜம்பம். நஷ்டப் பக்கத்துக்கு வருவோம்.

காது மாட்ட ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டும். ஸ்டீயரிங்கின் நடுவே மடித்து வைத்திருக்கும் ஏர்பேக், விபத்து என்று தெரிந்தால் கண் சிமிட்டும் நேரத்துக்குள் வெடித்து விரியும் சமாச்சாரம். பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகும் அதைத் தூண்டும் மின்சாரம் கொஞ்ச நேரம் மிச்சம் இருக்கும். அதனால்தான் சர்வீஸ் புத்தகத்தில் இத்தனை நிமிஷம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதன் மஞ்சள் ஒயர்களில் சாதாரண மீட்டர் வைத்துச் சோதிப்பதே தப்பு.

இன்னொன்று கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங் சுற்றினாலும் ஒயர் அறுந்துவிடாமல் இருக்க, பட்டையான ஒயரைச் சுருள் சுருளாகச் சுற்றி ஒரு டப்பாவில் வைத்திருப்பார்கள். ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் கரன்ட் அதன் வழியாகத்தான் போகிறது. கழற்றும்போது அதன் நடு நிலை மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாறினால், என்றைக்காவது ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது அறுந்துபோகும்.

நண்பர் வண்டியில் அன்றைக்கு யார் கை பட்டதோ, மாறிவிட்டது. டார்ச் பிடித்தவன் என்ற முறையில் எனக்கும் பங்கு உண்டு. பத்து நாள் கழித்து பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது லேசாக ஒரு ‘டக்’. ஹார்ன் ஊமையானது. டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்தது. காதுகள் மட்டும் ஜோராக வேலை செய்தன. அவை பட்டன் பேட்டரி போட்ட வயர்லெஸ் ரகம்.

அன்று சாயங்காலமே தெருமுனை எலெக்ட்ரீஷியனைப் பிடித்து, டாஷ்போர்டில் தனி ஸ்விட்ச் வைத்து ஹார்னைப் பேச வைத்துவிட்டார். ஏர்பேக் விளக்கு? “அது சும்மா எரியுது சார்.” இரண்டு மாதம் சும்மா எரிந்தது. அந்த இரண்டு மாதமும் பிள்ளைகளை ஸ்கூலில் விட்டதும், குடும்பத்தோடு திருச்சி போய் வந்ததும் அதே வண்டியில்தான். அந்த விளக்கு எரிந்தால் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. மோதும் நேரத்தில் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஏற்பாட்டையும் நம்ப முடியாது.

ஹார்ன் இல்லாமல் நம் ஊரில் ஒரு நாள் வண்டி ஓட்ட மாட்டோம். ஏர்பேக் இல்லாமல் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டுவோம். காதை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிறதுக்குச் செலவழிக்கிறோம், உயிரைக் காப்பாற்றுகிறதைச் சும்மா எரிய விடுகிறோம்.

அவர் மனைவியின் கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நமக்குக் கியர் வேண்டாம், ஆனால் நாம்தான் ஓட்டுகிறோம் என்ற நினைப்பு வேண்டும். டிராஃபிக்கில் ஊர்ந்து, ஊர்ந்து, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு அந்த ஆசை வருவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அவ்வளவு ஆசையென்றால் கம்பெனியிலேயே காது வைத்து வருகிற மாடலை வாங்குங்கள். இல்லையா, கியர் கம்பியைத் தட்டுங்கள். ஸ்டீயரிங்கை மட்டும் பார்க்கிங்கில் கழற்றாதீர்கள்.

நண்பர் கடைசியில் சர்வீஸ் சென்டரில் விட்டார். காது வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு பில். விளக்கு அணைந்தது. வண்டியைத் திரும்ப எடுத்து வந்த அன்று அவர் மனைவி முன் சீட்டில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, டாஷ்போர்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ம்... இப்ப ஓட்டுங்க.”