நூலுடைமையும் வாசிப்புரிமையும்

அச்சு நூலை விலைகொடுத்து வாங்கியவர் அதனை இரவல் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். மின்னூல் வணிகம் இவ்வுறவினை அடிப்படையிலேயே மாற்றியுள்ளது.

2009 யூலையில் அமேசன் நிறுவனம், ஜோர்ஜ் ஓர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நாவல்களின் சில மின்பதிப்புகளை வாசகரின் கின்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேளாமலே அழித்தது. அவற்றை வெளியிட்டோருக்குப் பதிப்புரிமை இருக்கவில்லை என்பதே காரணம். பணம் திருப்பியளிக்கப்பட்டது, நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கோரினார். ஆயினும் மாணவரொருவர் எழுதிவைத்த பாடக்குறிப்புகள் பயனற்றுப்போயின.

உரிமையற்ற அச்சுப் பதிப்பாயின் பதிப்பாளரே வழக்கினை எதிர்கொண்டிருப்பார். வாசகரின் அலுமாரி தீண்டப்பட்டிராது. எழுத்தாளரின் உழைப்பைக் காக்க எழுந்த பதிப்புரிமை, விநியோகிப்போர் கையில் வாசகரைக் கட்டுப்படுத்தும் கருவியாகின்றது. மீளப்பெறத்தக்க அனுமதியை நூலென விற்கும் இவ்வமைப்பில் நூலகங்களின் எதிர்காலமும் ஐயத்துக்குரியதே.