பழமா, படமா?

பழம் இனிக்கும் என்பதற்குப் பழமே சான்று. ஆயினும், பழத்தின்மேல் ஒரு பொம்மைப் படத்தை ஒட்டினால்தான் பிள்ளைகள் அதைத் தொடுவர் என்றொரு புதுமறை அமெரிக்க நாட்டில் ஓதப்பட்டது. ஓதியவர் பூசாரி அல்லர், பேராசிரியர். ஓதப்பட்ட இடம் கோயில் அன்று, கார்னெல் பல்கலைக்கழகம். யார் சொன்னாலும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்று மேடைதோறும் பேசும் நாம், அறிவியலின் பெயரால் வந்த இந்த மறையையும் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பிரையன் வான்சிங்க் என்பார் சந்தையியல் வல்லுநர். உண்பவனோடு வாதிட வேண்டாம். தட்டின் அளவை மாற்று, பண்டத்துக்குப் புதுப்பெயர் சூட்டு, பழக்கூடையைக் கைக்கெட்டும் இடத்தில் வை. அவன் அறியாமலே அவன் நல்லுணவுக்கு மாறிவிடுவான் என்பதே அவர் கொள்கையின் சாரம். 2010இல் அமெரிக்க வேளாண் துறை நிதியளிக்க, இக்கொள்கையைப் பள்ளி உணவுக் கூடங்களில் புகுத்தக் கார்னெலில் ஒரு மையமே எழுந்தது. பல்லாயிரம் பள்ளிகள் அதைப் பின்பற்றின.

எல்மோ என்னும் பொம்மையின் படம் ஒட்டிய ஆப்பிளைப் பிள்ளைகள் விரும்பி எடுத்தனர் என்று 2012இல் அவர் குழுவின் கட்டுரையொன்று கூறியது. பிள்ளைகள் 8 முதல் 11 வயதினர் என்றும் எழுதினர். 2017இல் உண்மை வெளிவந்தது. அவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளாம்! மழலை பேசும் குழந்தைக்கும், வாய்ப்பாடு ஒப்பிக்கும் சிறுவனுக்கும் வேறுபாடு தெரியாத ஆராய்ச்சி! கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2018 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ்கள் அவருடைய வேறு 6 கட்டுரைகளையும் திரும்பப் பெற்றன. ஆய்வு ஒழுங்கை மீறினார் என்று பல்கலைக்கழகமும் தீர்ப்பளித்தது. பிழைகள் நேர்ந்ததை ஒப்புக்கொண்ட அவர், மோசடி செய்யவில்லை என்று மறுத்தார்; பதவியைத் துறந்தார்.

ஒருவர் வீழ்ந்தாரென்று கைகொட்டுவது நம் நோக்கமன்று. கணக்கு சரியாகவே இருந்திருந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. படம் பார்த்துப் பழம் எடுக்கப் பழகிய பிள்ளை, நாளை அதே படம் மிட்டாய்ப் பொட்டலத்தில் சிரித்தால் என்ன செய்யும்? அதையும் எடுக்கும். நாம் அதற்குக் கற்பித்தது உணவின் அருமையை அன்று. படத்துக்குப் பணிவதையே அன்றோ!

இதற்கு மாறான வழியும் அதே அமெரிக்காவில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப்போரின்போது நல்ல இறைச்சி படைவீரர்க்குப் போயிற்று. இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்பிறைச்சியை வீட்டுச் சமையலில் சேர்க்கச் செய்ய வேண்டிய நிலை வந்தது. அவ்வுறுப்புகள் என்றாலே முகம் சுளித்த இல்லத்தரசியரை எப்படி இணங்க வைப்பது? நாஜிக் கொடுமைக்குத் தப்பி வந்த யூத உளவியலறிஞர் கர்ட் லூவின் ஆராய்ந்தார். சில குழுக்களுக்குச் சத்தின் பெருமை பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்தப்பட்டது. வேறு சில குழுக்களில், பெண்களே தம் தடைகளை எடுத்துப் பேசி, கலந்தாய்ந்து, கையுயர்த்தி முடிவு செய்தனர். சொற்பொழிவு கேட்டவருள் 3 விழுக்காட்டினரே புதிய இறைச்சியைச் சமைத்தனர். பேசி முடிவெடுத்தவருள் 32 விழுக்காட்டினர் சமைத்தனர். சிறிய ஆய்வுதான், இதையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இங்கே உண்பவர், ஏமாற்றி நகர்த்தப்படும் காய் அல்லர். கேள்வி கேட்டுத் தெளியும் மனிதர்.

நாம் பணியாற்றும் பள்ளியில் கண்டதைச் சொல்வோம். மதிய உணவில் கீரை போடும் நாளெல்லாம் அது தட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். இரும்புச் சத்து பற்றி நாம் பாடம் நடத்தினோம், பயனில்லை. சுவரில் படம் வரைந்தோம். படத்தை ரசித்தனர், கீரையை ஒதுக்கினர். கடைசியில்தான் கேட்கத் தோன்றிற்று: “ஏன் சாப்பிடுவதில்லை?” ஒரு சிறுமி எழுந்து சொன்னாள்: “மண் கடிக்குது சார்.”

வெட்கினோம். சமையலறைக்குச் சென்றோம். குழாயில் நீர் வருவதே சிறிது நேரம். அந்த நீரில் அரிசி களைய வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். சமைக்கும் அம்மையார் கீரையை மூன்று முறை அலச எங்கே போவார்? பிள்ளைகளின் நடத்தையில் நாம் குறை தேடினோம். குறை தண்ணீர்த் தொட்டியில் இருந்தது. பெரியதொரு தொட்டி வந்தது. கீரை தட்டிலிருந்து வயிற்றுக்குப் போயிற்று.

“இனிப்புப் பானம் விற்போர் விளம்பரத்தால் நாட்டையே மயக்குகின்றனரே, நமக்கு மட்டும் அந்த ஆயுதம் ஆகாதா?” என்று நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகமே, இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்னும் தலைப்பில் அடுக்கக் கூடாதென்று இணைய வணிகர்க்கு அறிவுறுத்த வேண்டி வந்தது. அத்துணை வலிமை ஒரு பெயருக்கு! ஆகவே நல்லுணவுக்கு நாமும் நல்ல பெயர் சூட்டலாம், கண்ணெதிரே வைக்கலாம், அழகாகப் பரிமாறலாம். ஆனால், காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயன் விளைந்ததா என்று நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னே தட்டில் உணவு இருக்க வேண்டும்.

1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வளர்ந்த சத்துணவும், 1989இல் கலைஞர் ஆட்சியில் சேர்ந்த முட்டையும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பசித்த பிள்ளையிடம், “உன் பழக்கத்தை மாற்று” என்று தொடங்கவில்லை. “உட்கார், சாப்பிடு” என்றே தொடங்கின. ஏழையின் நோய்க்கு அவன் அறியாமையே காரணம் என்று எழுதுவது எளிது. அவன் வீட்டு அடுப்பையும், கூலியையும், குழாயையும் கணக்கெடுப்பது கடினம். கடினமானதைச் செய்யாதவர்க்குத்தான் ஒட்டுப்படம் கைகொடுக்கிறது.

இளைஞர்களே! சத்துணவுப் பிரசாரத்துக்கென்று சிற்றூர்களுக்குச் செல்வோர் உங்களுள் பலர். சுவரொட்டியை விரிக்குமுன் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து அந்த உணவை உண்ணுங்கள். மண் கடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு பேசுங்கள்.