அழியும் பச்சையும் அழியாப் பச்சையும்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், டொலோரஸ் மிஷன் பங்கின் பொறுப்பை 1986-இல் ஏற்றவர் இயேசு சபைக் குரு கிரகரி பாயில். தெருக் கும்பல்களில் சிக்கிய இளைஞரிடையே அவர் பெற்ற பட்டறிவே 2010-இல் ‘டாட்டூஸ் ஆன் த ஹார்ட்’ என்னும் நூலாயிற்று. இதயத்தில் குத்திய பச்சை என்பது அதன் பொருள்.

தொடக்கத்தில் அவர் மிதிவண்டியில் சென்று கும்பல்களிடையே சமாதானம் பேசினார். அது கும்பல்களுக்கே மதிப்பைத் தேடித் தருகிறது என உணர்ந்து, பின்னர் அதனைக் கைவிட்டார். 1992-இல் ரொட்டி அடுமனை ஒன்று எழுந்தது. பகைக் கும்பல்களைச் சேர்ந்தோர் அங்கே அருகருகே நின்று மாவு பிசைந்தனர். முகத்திலும் கழுத்திலும் குத்திய கும்பல் அடையாளங்களை லேசர் கதிரால் இலவசமாக அகற்றவும் வழி பிறந்தது. (நெற்றியைப் பார்த்தே கதவடைக்கும் வழக்கம் நமக்கும் புதிதன்றே!)

நூலில் குறை உண்டு. நிகழ்ச்சி ஒவ்வொன்றும் சிரிப்பிலோ கண்ணீரிலோ முடிய, உடனே ஒரு மறையுரைக் குறிப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. அடுமனை எவ்வாறு நடந்தது, கூலிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என அறிய விழைவோர்க்குக் கிடைப்பது சொற்பமே.

ஆயினும், நூறு பேருக்கு மேற்பட்ட இளைஞரை அடக்கம் செய்த குரு இவர், தோல்வியை மறைக்கவில்லை. இரு மகன்களைக் கும்பல் வெறிக்குப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, மருத்துவமனையில் குண்டடிபட்டுக் கிடக்கும் இளைஞனைக் காண்கிறாள். அவன் எதிர்க் கும்பலைச் சேர்ந்தவன். அவன் பிழைக்க வேண்டுமென அவள் மன்றாடுகிறாள். மறுவாழ்வின் விலையைக் கொடுப்பவர் யார் என்னும் கேள்வி இங்கேதான் முழு வலிவோடு எழுகிறது. அத்தாய்க்கு ஆசிரியர் இன்னும் பத்துப் பக்கங்களேனும் ஒதுக்கியிருக்கலாம்.