‘எம்.வி.’ சொல்வதும் செய்வதும்

யூனிக்ஸின் 1971-ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே இடம்பெற்ற ஆணை ‘எம்.வி.’. கோப்புகளை இடம் மாற்றுவது அதன் பணி. பத்துக் கோப்புகளுக்கு அதில் குறை காண முடியாது. ஒரு லட்சம் என்றால்?

‘எம்.வி.’ என்று தட்டி, ‘எல்லாம்’ எனப் பொருள்படும் நட்சத்திரக் குறியையும் சேரிடத்தையும் எழுதுகிறீர்கள். பட்டியல் மிக நீளம் என்று ஒரு வரி தோன்றுகிறது. ஒரு கோப்பும் நகரவில்லை. அந்த வரி எம்.வி.யின் பெயரைச் சொல்கிறது. உண்மையில் எம்.வி. ஓடத் தொடங்கவே இல்லை! நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரித்தது ஷெல். அந்தப் பட்டியலை ஏற்க மறுத்தது கெர்னல். லினக்ஸில் 2007 வரை இதற்கு 128 கிலோபைட்டே இடம். இப்போது வழக்கமாக 2 மெகாபைட். பெயருக்கு 30 எழுத்து வீதம் கணக்கிட்டுப் பாருங்கள், போதாது. விரிக்கும் வேலையை ஷெல்லுக்கு விட்டது நல்ல ஏற்பாடுதான். பழியை வேறொருவர் மேல் போடும் செய்திதான் மாணவரைக் குழப்புகிறது.

‘ஃபைண்ட்’ பெயர்களைத் திரட்ட, ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ அவற்றைப் பகுதி பகுதியாக எம்.வி.யிடம் தரும் என்பது பலரும் கூறும் வழி. ஆனால் எக்ஸ்ஆர்க்ஸ் இடைவெளியைக் கண்டதும் பெயர் முடிந்ததாக எண்ணிவிடும். ‘கணக்கு விடை’ என்னும் கோப்பு அதற்கு இரண்டு கோப்புகள். ‘விடை’ என்று வேறொரு கோப்பு இருந்தால், நீங்கள் கேட்காத அது நகர்ந்துவிடும். ஃபைண்டுக்கு ‘-பிரிண்ட்0’, எக்ஸ்ஆர்க்ஸுக்கு ‘-0’ என்று சேர்த்தால் இந்த ஆபத்து நீங்கும். இவ்விரண்டும் பாசிக்ஸ் தரத்தில் ஏறியது 2024-இல்தான் என்பது வியப்பு.

என் பெரிய குறை வேறு. ஒரே கோப்பு முறைமைக்குள் எம்.வி. எதையும் தூக்கிச் செல்வதில்லை. கோப்புறையிலுள்ள பெயர்ப்பதிவை மட்டும் மாற்றுகிறது. 10 கிகாபைட் திரைப்படமும் நொடியில் ‘நகர்வது’ இதனால்தான். வேறு வட்டுக்கு என்றாலோ ஒவ்வொரு பைட்டையும் நகலெடுத்து, பிறகு மூலத்தை அழிக்கிறது. நடுவில் மின்சாரம் நின்றால் பாதிக் கோப்புகள் இங்கே, பாதி அங்கே. இரண்டுக்கும் ஒரே ஆணை, எச்சரிக்கை கிடையாது. சேரிடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால், ‘-ஐ’ சேர்க்காதவரை, பெரும்பாலும் கேளாமலே அதை அழித்துவிடும்.

ஆகவே ஒரே வட்டுக்குள் என்றால், அந்த லட்சத்தையும் தொடாதீர்கள். அவை இருக்கும் கோப்புறையையே நகர்த்துங்கள். லட்சம் பெயர்மாற்றம் ஒன்றாகிவிடும். வேறு வட்டுக்கு என்றால் ‘ஆர்சிங்க்’ கொண்டு நகலெடுங்கள். இடையில் நின்றாலும் மறுபடி ஓட்டினால் விடுபட்டவற்றை மட்டும் எடுக்கும். சரிபார்த்த பிறகு மூலத்தை நீங்களே அழிக்கலாம்.