அரியணைகளுக்கு மேலான ஆளுகை

அரசுகள் எழுவதும் விழுவதும் கடவுளின் ஆளுகைக்கு உட்பட்டவை என்பதைக் கிறிஸ்தவத்தின் பெரும் மரபுகள் எதுவும் மறுத்ததில்லை. சண்டை அடுத்த கேள்வியில்தான்: வென்றவனைக் கடவுள் வெல்லவிட்டார் என்றால், அவன் கடவுளுக்கு உகந்தவன் என்று ஆகிவிடுமா? ஒரு மரபின் தரத்தை இக்கேள்விக்கு அது தந்த விடையைக் கொண்டே அளக்க வேண்டும் என்பேன். ஏசாயா 10ஆம் அதிகாரத்தில் அசீரியா கடவுள் கையிலெடுத்த கோல். அடித்து முடித்தபின், தன் பலத்தால் சாதித்ததாகப் பெருமை பேசிய குற்றத்துக்காக அந்தக் கோலே தண்டிக்கப்படுகிறது. 45ஆம் அதிகாரத்தில் பாரசீக மன்னன் கோரேஸ் கடவுளால் அபிஷேகம் பெற்றவன். அந்தக் கடவுளை அவன் அறியாதவன் என்பதும் அங்கேயே சொல்லப்படுகிறது. தம் காரியத்துக்கு ஒருவனைப் பயன்படுத்துவதும் அவனை மெச்சுவதும் கடவுளிடத்தில் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டை நழுவவிட்டவர்களில் முக்கியமானவர் செசரியாவின் ஆயர் யூசேபியஸ். 312இல் மில்வியன் பாலத்தருகே ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் வென்றபோது, கொடிய துன்புறுத்தலிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்தது திருச்சபை. அந்தப் பூரிப்பைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் பேரரசனின் ஆட்சியை விண்ணரசின் சாயலாகவே வருணித்தவர், பேரரசு தோற்றால் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. 410இல் கோத்தியர் தலைவன் அலாரிக்கின் படை ரோமைச் சூறையாடியது. 413இல் தொடங்கிப் பல ஆண்டுகள் உழைத்து அகுஸ்தீன் எழுதிய ‘கடவுளின் நகரம்’ அந்தக் குறையைத் தீர்த்தது. கான்ஸ்டன்டைனுக்கு முடி தந்தவரே நீரோவுக்கும் தந்தார் என்பது அவர் வாதம்.

எல்லாம் தேவ சித்தம் என்றால் கைகட்டி நிற்க வேண்டியதுதானே என்பார்கள். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் போன்ற மன்னர்களுக்கு ஆளும் அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ அப்படி வாசிப்பது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் கடவுளின் ஆளுகையை மிக அழுத்திச் சொன்னவர்களே அரசர்களுக்கு அதிகத் தொல்லை தந்தார்கள். அரசின் அதிகாரம் உடலோடும் உடைமையோடும் முடிகிறது, ஆன்மாவைத் தொடாது என்றார் லூத்தர், 1523இல். 1550இல் மாக்டெபர்க் நகரப் போதகர்கள், பேரரசன் அநீதி செய்தால் அவனுக்குக் கீழுள்ள ஆட்சியாளர்கள் எதிர்த்து நிற்கலாம் என்று அறிக்கையிட்டார்கள். தனிமனிதனின் கலகத்தை மறுத்த கால்வினும், மக்களைக் காக்க அமர்த்தப்பட்ட அதிகாரிகள் கொடுங்கோலனைத் தடுக்காவிட்டால் அது துரோகம் என்றார். 1581இல் நெதர்லாந்து மாகாணங்கள் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்பை மன்னனல்ல என்று தள்ளியபோது, குடிகளுக்காகவே கடவுள் மன்னனை ஏற்படுத்தினார் என்றே பிரகடனத்தைத் தொடங்கின. மன்னனுக்கு மேலே ஒருவர் இருந்தால் மன்னனும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன்தானே!

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் போதனை மிக மோசமாகக் கெட்டது. 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததைக் கடவுளின் செயலாகக் கொண்டாடியவர்களில் பால் அல்த்தாவுஸ் போன்ற தேர்ந்த இறையியலாளர்களும் இருந்தார்கள். படிப்பு அவர்களைக் காக்கவில்லை. வரலாற்று நிகழ்வுகளைக் கிறிஸ்துவுக்கு இணையான இறைவெளிப்பாடாகச் சபை ஏற்கக் கூடாது என்று 1934 மே மாதம் ஜெர்மனியின் எதிர்ப்புச் சபையினர் வெளியிட்ட பார்மன் அறிக்கை சொன்னது. யூதர்களைப் பற்றி அது வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவிலோ, கறுப்பினப் பெரும்பான்மையை ஒதுக்கிய 1983ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முன்னுரையே நாடுகளின் விதியை நடத்தும் கடவுளுக்குப் பணிந்து தொடங்கியது. அங்கே போற்றப்படும் கடவுள் ஒரு விக்கிரகம் என்று 1985இல் அந்நாட்டு இறையியலாளர்களின் கைரோஸ் ஆவணம் சொன்னது.

இப்படி எந்தப் பக்கமும் வளையும் போதனை உண்மையில் எதையும் சொல்லவில்லையே என்பது கனமான ஆட்சேபம். நாளை யார் வெல்வார் என்று சொல்ல இது ஜோதிடம் அல்ல. தன் தரப்பின் வெற்றியைப் பற்றி ஒருவன் எதைச் சொல்லக் கூடாது என்பதை இது சொல்கிறது. 1865 மார்ச் 4 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், அதிபர் ஆபிரகாம் லிங்கன் தம் இரண்டாம் பதவியேற்பு உரையில் வெற்றி முழக்கம் செய்யவில்லை. இரு தரப்பும் ஒரே கடவுளிடம் மன்றாடின, எவருடைய மன்றாட்டும் முழுதாகக் கேட்கப்படவில்லை என்றார். அடிமைமுறைக்காக வடக்கும் தெற்கும் சேர்ந்தே பெறும் தண்டனையாக இந்தப் போர் இருக்கலாம் என்றார். வென்றுகொண்டிருந்த தரப்பின் தலைவர் அவர். எந்தச் சபையிலும் அவர் உறுப்பினராகச் சேர்ந்ததில்லை.